அவள் உழைத்துச் சேர்த்ததற்கு யார் வாரிசு? உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை இந்தியத் தலைமை நீதிபதி அவர்களுக்கும் உச்ச நீதிமன்றத்தின் ஏனைய நீதிபதிகளுக்கும்,

வணக்கம்.

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றில் 24 ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர் நான். உங்கள் நீதிமன்றத்தில் ஒருமுறைகூட வாதாடியதில்லை. ஆனாலும் நீங்கள் எழுதுவதுதான் எங்கள் ஊருக்கும் சட்டம். அரசமைப்புச் சட்டத்தின் 141ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. டெல்லியில் நீங்கள் ஒரு பத்தியில் முடித்துவிடும் கேள்வி, இங்கே ஒரு வீட்டின் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில், எழுபத்தைந்து வயதுத் தாய் ஒருவர் மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் மகளின் வங்கிக் கணக்குப் புத்தகம், மனைப் பத்திரம், இறப்புச் சான்றிதழ். மகள் செவிலியர். திருமணமான இரண்டாம் ஆண்டில் கணவர் விபத்தில் இறந்துவிட்டார், குழந்தை இல்லை. காரியம் முடிந்த கையோடு புகுந்த வீட்டார் அவரைத் தாய்வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுச் சென்றார்கள். தாய் தன் தோட்டை விற்றுச் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்டினார். மகள் இருபது ஆண்டுகள் இரவுப் பணி பார்த்துச் சேர்த்ததில் இரண்டரை சென்ட் மனை வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டினார். நாற்பத்தேழு வயதில் புற்றுநோய். உயில் எழுதவில்லை. இறப்புக்கு மாலை வாங்கிக்கொண்டுகூட வராத கணவரின் தம்பி, மூன்றாம் மாதம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார்.

பெற்றவள் நான் இருக்கும்போது அவர்கள் எப்படி வாரிசு என்று அந்த அம்மா கேட்டார். சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலே எனக்கு விடை தெரியும். சொல்ல நா எழவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 15. உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. கணவர் வழியில் ஒருவருமே இல்லை என்று ஆன பிறகுதான் பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் முறை வரும். ஆண் இறந்தால் என்ன கணக்கு? பிரிவு 8-ஐப் பாருங்கள். மகன், மகள், மனைவி ஆகியோரோடு சரிசமமாகத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவியின் தம்பிக்கும் மனைவியின் அக்காள் மகனுக்கும் அந்தப் பட்டியலில் எந்த மூலையிலும் இடமில்லை. ஆணின் சொத்து அவன் குடும்பத்துக்குள்ளேயே நிற்கிறது. பெண்ணின் சொத்து மட்டும், அவள் முகத்தையே பார்த்திராத கொழுந்தன் மகனைத் தேடிப் போகிறது.

அந்த அம்மாவை அனுப்பிவிட்டு அன்றிரவு உங்கள் தீர்ப்பு ஒன்றை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண், 2009. நாராயணி தேவிக்கு 1955இல் திருமணம். மூன்று மாதத்தில் கணவர் பாம்பு தீண்டி இறந்தார். கணவர் வீட்டிலிருந்து அவர் துரத்தப்பட்டார். தாய்வீட்டார் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், வங்கிக் கணக்குகளில் பணமும், வருங்கால வைப்பு நிதியும், கணிசமான சொத்தும் சேர்த்துவிட்டு 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். நாற்பது ஆண்டுகளாக அவரை எட்டிப் பாராத கணவர் வழியினர், அதாவது கணவரின் சகோதரி மகன்கள், நீதிமன்றத்துக்கு வந்தார்கள். தாய் ராம்கிஷோரி வழக்கு நடக்கும்போதே இறந்துபோக, நாராயணியின் சகோதரர் வழக்கைத் தொடர்ந்தார். வழக்கு கடினமானது என்று உங்கள் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பரிவும் உணர்ச்சியும் மட்டும் உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்று கூறி, எல்லாவற்றையும் கணவரின் சகோதரி மகன்களுக்கே கொடுத்தது.

அந்தக் குடும்பம் பரிவை மட்டுமா கேட்டது? அவர்கள் கேட்ட நியாயத்துக்கு அடிப்படை அதே பிரிவு 15-இல் இருக்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது: பெண்ணுக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டால், தாய் தந்தையிடமிருந்து அவள் வாரிசாகப் பெற்ற சொத்து தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும், கணவரிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ பெற்றது கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பும். எங்கிருந்து வந்ததோ அங்கே போகட்டும் என்பது அதன் தத்துவம். சரி. அவளிடமிருந்தே வந்த சொத்து, அவளுடைய கையும் காலும் கண்விழிப்பும் ஈட்டிய சொத்து, எங்கே போகவேண்டும்? அதற்கு இந்த உட்பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே அது முதல் உட்பிரிவில் விழுகிறது; கணவர் வீட்டுக்குப் போகிறது. 1956இல் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள், ஒரு பெண் சொந்தமாகச் சம்பாதித்து வீடு வாங்குவாள் என்று எண்ணிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்குத் தெரிந்த பெண்ணுக்குச் சொத்து வர இரண்டே வழிகள்தாம். ஒன்று அப்பா, இன்னொன்று கணவன்.

நீங்களே தீர்த்த இன்னொரு வழக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி; 2022 ஜனவரி 20 அன்று வந்த தீர்ப்பு. எங்கள் தமிழ்நாட்டு வழக்கு. மாரப்பக் கவுண்டர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் எடுத்த சொத்து. அவருடைய ஒரே மகள் குப்பாயி அம்மாள் 1967இல் பிள்ளையின்றி இறந்தார். 1956க்கு முன்பே இறந்த தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்துக்கு மகள் வாரிசாக முடியுமா என்பது கேள்வி. விசாரணை நீதிமன்றம் 1994இலும் உயர் நீதிமன்றம் 2009இலும் முடியாது என்றன. நீங்கள் பழைய நூல்களையும் பழைய தீர்ப்புகளையும் நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் போய்த் தேடி, முடியும் என்றீர்கள். தந்தையிடமிருந்து வந்த சொத்து ஆகையால் அது தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும் என்றும் சொன்னீர்கள். அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் நீதிமன்ற வளாகத்தில் நாங்கள் நான்கு பெண் வழக்கறிஞர்கள் தேநீர்க் கடையில் நின்று அதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினோம்.

குப்பாயி அம்மாளும் பிள்ளையில்லாதவர், நாராயணி தேவியும் பிள்ளையில்லாதவர். அப்பா வாங்கியதை வைத்திருந்தவரின் சொத்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியது. தானே உழைத்தவரின் சொத்து, துரத்திவிட்ட வீட்டுக்குப் போனது. இந்த இரண்டையும் ஒரே சட்டத்தின் இரண்டு நியாயங்கள் என்று என்னால் அந்த அம்மாவிடம் விளக்க முடியவில்லை. எந்த மொழியில் சொன்னாலும் விளங்காது என்றே நினைக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உங்கள் மூவர் அமர்வு, மகள் வாழ்நாள் முழுவதும் மகளே என்றது. எங்கள் ஊர்ப் பெண்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் வரி அது. தந்தையின் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கேட்கும்போது வாழ்நாள் முழுவதும் மகளாக இருப்பவள், அவளுடைய சொத்துக்கு வாரிசு தேடும்போது மட்டும் மகள் இல்லாமல் போவது எப்படி?

கடந்த 2025 நவம்பர் 19 அன்று, நீதிபதி நாகரத்னா, நீதிபதி மகாதேவன் ஆகியோரின் அமர்வு இந்தப் பிரிவை எதிர்த்த மனு ஒன்றை முடித்துவைத்தது. பெண் வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல மனு அது. அரசமைப்புச் சட்டக் கேள்விக்குள் போகாமல், பாதிக்கப்பட்டவர்கள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் திறந்தே விட்டது அமர்வு. கூடவே, இந்தியப் பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவைத்துவிட வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தது. பெண்ணின் பெற்றோர் உரிமை கோரும் வழக்குகளில் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்றும் சொன்னது.

நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட யோசனை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே என்னிடம் வந்த மூன்று பெண்களுக்கு நானே உயில் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் சட்டமே அவனுடைய தாயைப் பார்த்துக்கொள்கிறது. அவனிடம் யாரும் உயில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. பெண் மட்டும் இரண்டு சாட்சிகளைத் தேடிப் பிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்து, சட்டம் தன் தாய்க்குச் செய்யும் அநீதியைத் தன் செலவில் தடுக்க வேண்டும் என்றால், அது என்ன சமத்துவம்?

எங்கள் பக்கத்தில் முப்பத்தைந்து வயதுப் பெண் உயில் எழுதப் போகிறேன் என்றால் வீடே பதறும். வாயில் ஏன் அச்சானியமாக வருகிறது என்று அம்மாவே அதட்டுவாள். கணவன் உயிரோடு இருந்தால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்பான். உயில் எழுதிவிட்டால் மட்டும் முடிந்துவிடுகிறதா? அது உண்மையானது என்று நிறுவச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கூண்டில் ஏற வேண்டும். பத்து ஆண்டுக்குப் பிறகு அவர் உயிரோடு இருப்பாரா, எதிர்த்தரப்புக்குச் சொந்தக்காரராகிவிட்டாரா என்பதையெல்லாம் நான் அன்றாடம் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பெண்கள் உயில் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. வங்கியில் அம்மா பெயரை நியமனதாரராக (நாமினி) கொடுத்துவிட்டோம், அது போதும் என்று மனதார நம்புகிறார்கள். என்னிடம் வந்த தாயும் அப்படித்தான் தன் பெயர் அச்சான தாளை மடித்து வைத்திருந்தார். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான், உரிமையாளர் ஆக மாட்டார் என்று 1983இல் சர்பதி தேவி வழக்கில் சொன்னதும் நீங்கள்தான். 2023 டிசம்பரில் நிறுவனப் பங்குகள் தொடர்பான வழக்கில் அதை மறுபடி உறுதி செய்ததும் நீங்கள்தான். அந்தச் சட்டநிலையில் நான் குறை காணவில்லை. ஆனால் அதையும் பிரிவு 15-ஐயும் சேர்த்துப் படித்தால், தாய் வங்கியில் கையெழுத்திட்டு வாங்கிவரும் மகளின் பணத்தைக் கொழுந்தன் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும் என்றாகிறது.

இந்தப் பிரிவை எதிர்த்த மனுக்களின் விசாரணையின்போது, 2025 செப்டம்பரில், கன்னியாதானம், கோத்திர மாற்றம் பற்றியும் இந்துச் சமூகத்தின் அமைப்பு நம் தீர்ப்பால் குலைந்துவிடக் கூடாது என்பது பற்றியும் அமர்வில் பேச்சு எழுந்ததாக நாளேடுகளில் படித்தேன். அதற்கு எங்கள் மண்ணிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1967இல் தமிழ்நாடு சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் பிரிவு 7அ-வைச் சேர்த்தது. தாரை வார்ப்பது வேண்டாம், தீவலம் வேண்டாம், உறவினரும் நண்பரும் பார்த்திருக்க மாலை மாற்றினாலே திருமணம். அப்படி நடக்கும் திருமணத்துக்கு ஏழடி வைப்பது கட்டாயமில்லை என்று 2001இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில் ஏற்றுக்கொண்டதும் உங்கள் நீதிமன்றமே. யாரும் யாருக்கும் தானம் கொடுக்காத அந்தத் திருமணத்தில் இணைந்த பெண்ணுக்கும் இதே பிரிவு 15தான். கோத்திரம் என்ற சொல்லையே அறியாத குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது இங்கே காலங்காலமான வழக்கம். பெண் வேறு வீட்டுக்குப் போய்விட்டாள் என்ற பேச்சுக்கே அங்கே பொருள் குறைவு. இவர்கள் எல்லோரையும் சட்டம் ஒரே கோத்திரக் கயிற்றில் கட்டுகிறது.

1989இல், 2005இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, தமிழ்நாடு மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குதாரராக்கியது. அதற்கு முன்பே திருமணமான மகள்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அதனால் எந்தக் குடும்பமும் குலைந்ததாக நான் காணவில்லை. அண்ணன் தம்பிகள் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்கள். பிறகு காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்தார்கள்.

அந்தச் செவிலியரோடு அதே மருத்துவமனையில் அதே இரவுப் பணி பார்த்தவர் கிறிஸ்தவப் பெண்ணாக இருந்தால், கணவரும் பிள்ளையும் இல்லாத நிலையில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்து பிறந்த வீட்டு உறவுக்குத்தான் போகும். இசுலாமியப் பெண் என்றால் தாயின் பங்கு எந்த நிலையிலும் உறுதி. இந்துப் பெண்ணைப் பெற்றவள் மட்டும் கணவர் வழியினர் அனைவருக்கும் பின்னால் நிற்கிறாள்.

நாடாளுமன்றம் செய்யட்டும் என்று நீங்கள் சொல்லலாம். இந்தியச் சட்ட ஆணையம் 2008இலேயே தன் 207ஆவது அறிக்கையில், பெண்ணின் சுயசம்பாத்தியத்தில் கணவர் வழியினரோடு பிறந்த வீட்டாருக்கும் சமபங்கு தரச் சட்டத்தைத் திருத்தச் சொன்னது. அந்த அறிக்கை வந்த அடுத்த ஆண்டுதான் ஓம்பிரகாஷ் தீர்ப்பு வந்தது. திருத்தம் மட்டும் இன்றுவரை வரவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பெண் நீதிபதி ஒருவர் 2012இல் இந்தப் பிரிவு பாரபட்சமானது, அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று எழுதினார். இன்னும் யாருக்காகக் காத்திருப்பது?

பாதிக்கப்பட்டவர் வரட்டும் என்றீர்கள். இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவள் இறந்துபோனவள் அல்லவா? அவளால் வர முடியாது. அவளைப் பெற்றவர்கள் வருவதென்றால், முன்சீப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், உயர் நீதிமன்றக் கிளை என்று ஏறி டெல்லிக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ராம்கிஷோரி அம்மாள் வழியிலேயே போய்விட்டார். கொரோனாவில் இளம் தம்பதி ஒருவர்பின் ஒருவராக இறந்து, இரண்டு தாய்மாரும் சொத்துக்கு எதிரெதிரே நிற்கும் வழக்கும் உங்கள் முன் பேசப்பட்டது. குழந்தையில்லாத அந்தக் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். கணவன் முதலில் இறந்தாலும் சரி, மனைவி முதலில் இறந்தாலும் சரி, மனைவி உழைத்துச் சேர்த்தது கணவனின் தாய்க்கே போய்ச் சேருகிறது. இரண்டு தாய்களும் இழந்தது ஒன்றுபோலத்தான்.

ஆகவே, என் வேண்டுகோள். அரசமைப்புச் சட்டத்தின் பொருள் பற்றிய முக்கியமான கேள்வியை ஐந்து நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வு கேட்க வேண்டும் என்கிறது அதன் பிரிவு 145(3). வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 15(1) எழுப்புவது அப்படிப்பட்ட கேள்விதான். அதை ஓர் அமர்வின் முன் வையுங்கள். பெண்ணின் வாரிசு வரிசையும் ஆணின் வாரிசு வரிசையும் ஒன்றாக இருக்கட்டும் என்பது என் ஆசை. சட்ட ஆணையம் சொன்ன சமபங்கையாவது பரிசீலியுங்கள். ஓம்பிரகாஷ் தீர்ப்பில், இந்தப் பிரிவு சமத்துவ உரிமைக்கு ஏற்றதா என்பது தீர்க்கப்படவேயில்லை. ஆகவே கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை; சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

பதில் சொல்லும்போது ஒரே பதிலாகச் சொல்லுங்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன், ஏனெனில் நாங்கள் பட்டுவிட்டோம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள் பங்கு கேட்க, அந்த உரிமையைத் தந்த சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015இல் பூலவதி வழக்கில் சொன்னீர்கள். 2018இல் தானம்மா வழக்கில், 2001இலேயே தந்தை இறந்த மகள்களுக்கும் பங்கு கொடுத்தீர்கள். இரண்டும் இருவர் அமர்வுகள். 2020இல் வினீதா சர்மா வந்துதான் குழப்பம் தீர்ந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் என் கட்சிக்காரர்களில் இரண்டு சகோதரிகள், பூலவதியைக் காட்டிப் பயமுறுத்தப்பட்டு, மூன்று ஏக்கர் நஞ்சையில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். நானும்தான், சட்டம் அப்படி இருக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன். 2020 தீர்ப்பு வந்தபின் அந்தச் சகோதரிகளில் மூத்தவர் என்னைச் சந்தையில் பார்த்து, இப்போது கேட்கலாமா என்று கேட்டார். பத்திரம் பதிவாகிவிட்டது.

எனவே, பிரிவு 15 பற்றி முடிவெடுக்கும் நாளில், அது எந்தத் தேதியிலிருந்து, நிலுவையில் உள்ள வழக்குகளுக்கு என்ன, முடிந்துபோன பங்கீடுகளுக்கு என்ன என்பதையும் அதே தீர்ப்பில் எழுதிவிடுங்கள். அன்றைக்கே தமிழிலும் கிடைக்கச் செய்யுங்கள். என்னிடம் வருகிறவர்கள் தாங்களே வாசித்துப் பார்க்கட்டும்.

அந்த அம்மா இப்போதும் மகள் கட்டிய வீட்டில்தான் இருக்கிறார். உரிமை விளம்பக் கோரி கணவரின் தம்பி தொடுத்த வழக்கு அடுத்த மாதம் சாட்சி விசாரணைக்கு வருகிறது. எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ஆவணங்களோடு ஓம்பிரகாஷ் தீர்ப்பின் நகலும் இணைக்கப்பட்டிருக்கிறது. என் பக்கத்துக் கோப்பில் இன்று இருப்பது அந்தச் செவிலியரின் இருபது ஆண்டுச் சம்பளச் சீட்டுகளும், தோடு விற்ற கடையின் பழைய ரசீது ஒன்றும்தான்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்